வென்டிலேட்டரை அடைத்த கதை

போன வருடம் ஜூன் கடைசியில் கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர் 430 யூனிட் என்று அட்டையில் எழுதிவிட்டுப் போனார். அதற்கு முந்தைய வருடம் இதே இரண்டு மாதத்துக்கு 870. ஐந்நூறைத் தாண்டினால் கணக்கே வேறு கட்டத்துக்குப் போய்விடும் என்பது தமிழ்நாட்டில் வீட்டில் ஏசி வைத்திருக்கும் எல்லாருக்கும் மனப்பாடம். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற எண்ணை போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மைத்துனர் கைதட்டினார். அம்மா மட்டும், குழுவில் இல்லை, நேரிலேயே வந்து, "அதெல்லாம் சரிடா, ராத்திரி கதவைச் சாத்தினா எனக்கு மூச்சு முட்டுது" என்றாள்.

எழுபத்தி மூன்று வயதுக்காரி, எதையாவது சொல்லிக்கொண்டேதான் இருப்பாள் என்று நானே நினைத்துக்கொண்டேன். ஒன்பது மாதம் கழித்துத்தான் உறைத்தது.

வீடு சென்னை நங்கநல்லூரில், 1996-இல் கட்டிய ஃபிளாட், நாங்கள் மேல் மாடி. மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருப்பவர்களிடம் சித்திரை வைகாசியைப் பற்றி யாரும் எதுவும் விளக்க வேண்டியதில்லை. வெயில் போன பிறகுதான் எங்களுக்கு உச்சம். பகல் முழுக்க வாங்கிய சூட்டை ஐந்து அங்குல கான்கிரீட் சாயங்காலத்துக்கு மேல் நிதானமாக உள்ளே இறக்கும். நண்பர் ஒருவரிடம் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தது, இரவு எட்டு மணிக்கு சீலிங்கைக் குறி வைத்தோம், 41 டிகிரி. அறைக் காற்று 27-க்கு வந்துவிட்டது என்று ஏசி சொன்னாலும் உடம்பு நம்பாததற்குக் காரணம் இதுதான். நம் தோல் காற்றோடு மட்டும் கணக்கு வைத்துக்கொள்வதில்லை, சுற்றியுள்ள சுவர், கூரை எல்லாவற்றின் சூட்டையும் வாங்குகிறது. தலைக்கு மேல் அடுப்பை வைத்துக்கொண்டு 20-இல் ஏசி ஓட்டினால் கால் விறைக்கும், நெற்றி வியர்க்கும்.

ஆகவே சேமித்து வைத்திருந்ததை எடுத்து ஒரே மூச்சில் எல்லாம் செய்தோம். மொட்டை மாடியில் வெயிலும் மழையும் தாங்கப் போட்டிருந்த பழைய வெதரிங் கோர்ஸ் பூச்சைச் சரிசெய்து வெள்ளை கூலிங் டைல்ஸ். பன்னிரண்டு வருடத்துப் பழைய ஏசி இரண்டையும் கொடுத்துவிட்டு ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் ஏசி. பிஎல்டிசி ஃபேன், பழைய ஃபேன் எழுபத்தைந்து வாட் தின்ற இடத்தில் இது முப்பது வாட்டில் சுற்றுகிறது. இடுக்கு விழுந்த தேக்கு ஜன்னல்களைக் கழற்றிவிட்டு ரப்பர் பட்டை வைத்த யுபிவிசி ஸ்லைடிங் ஜன்னல். கடைசியாக, ஒவ்வொரு அறையிலும் ஜன்னலுக்கு மேலே இரண்டடிக்கு ஓரடியில் கம்பி போட்டுத் திறந்து கிடந்த வென்டிலேட்டர்களைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசச் சொன்னேன்.

கொத்தனார் அண்ணன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "இதை ஏன் சார் அடைக்கிறீங்க? வேணும்னுதானே வெச்சிருப்பாங்க?"

"ஏசி காத்து வெளிய போயிடும்ணே."

"அது போகும். உள்ள இருக்கிறதும் போகணும்ல?"

சிரித்துவிட்டு, அடையுங்கள் என்றேன். நான் இன்ஜினீயரிங் படித்தவன். வென்டிலேட்டர் ஒன்றுக்கு அறுநூறு ரூபாய் வாங்கினார்.

பலன் வந்தது, அதில் பொய்யில்லை. இரவு எட்டு மணிக்குக் குறி வைத்தாலும் சீலிங் 34-ஐத் தாண்டவில்லை. 26-இல் வைத்து ஃபேனைச் சுற்றவிட்டால் போர்வை தேடும் அளவுக்குச் சுகம். ரோட்டுச் சத்தம் இல்லை, ஜன்னல் விளிம்பில் கறுப்புத் தூசு இல்லை. மகிழ்ச்சியாக இருந்தோம். காலையில் எழுந்ததும் தலை கனமாக இருப்பது, பத்து வயது மகளை நான்கு முறை எழுப்ப வேண்டியிருப்பது, அறைக் கதவைத் திறந்தால் ஒரு பழைய துணி மூட்டை வாசம், இதெல்லாம் மெல்ல மெல்லத்தான் வந்தன, வந்ததை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை. தலைவலிக்குக் கண் டாக்டர், மகளுக்கு இரும்புச்சத்து டானிக்.

ஐப்பசி மழையில் இன்னொன்று. என் கறுப்பு பெல்ட்டில் வெள்ளையாகப் பூஞ்சை. பிறகு மனைவியின் பட்டுப்புடவை பார்டரில். பிறகு வடக்குச் சுவரை ஒட்டிப் போட்டிருந்த வார்ட்ரோபை நகர்த்தினால் பின்னால் ஆளுயரத்துக்குப் பச்சையும் கறுப்புமாக ஒரு வரைபடம். வீடு கசியவில்லை, பைப் உடையவில்லை. "முப்பது வருஷமா இந்த வீட்ல மழை பெய்யலையா?" என்று மனைவி கேட்டது நியாயமான கேள்வி.

மார்ச்சில் சர்வீஸுக்கு வந்த ஏசி மெக்கானிக்கிடம் சும்மா பேச்சுக்கு, "வெளிய இருக்கிற யூனிட் நல்ல காத்தை இழுத்து உள்ள அனுப்புதுல்ல?" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சார், அந்த ரெண்டு பைப்ல கேஸ்தான் போகுது வருது. காத்து ஒரு பொட்டு வராது. ரூம்ல இருக்கிற காத்தையேதான் சுத்திச் சுத்திக் குளிராக்குது."

இத்தனை வருடம் இது தெரியாமல் இருந்திருக்கிறேன். அதற்குப் பிறகு அலுவலகத்தில் எட்டுப் பேரைக் கேட்டேன், ஆறு பேர் நான் நினைத்தபடியேதான் நினைத்திருந்தார்கள். ஸ்பிளிட் ஏசி காற்றை மாற்றாது, குளிர வைக்கும், கொஞ்சம் ஈரத்தை எடுக்கும், அவ்வளவுதான். பழைய விண்டோ ஏசியில் மூலையில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும், அதைத் தள்ளினால் கொஞ்சம் காற்று வெளியோடு பரிமாறும். அதையும் யாரும் தொட்டதில்லை என்பது வேறு விஷயம்.

அப்புறம் மீட்டர் வாங்கினேன். முதலில் ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு ஒன்று, அம்மா சாம்பிராணி போட்டதும் கார்பன் டை ஆக்ஸைடு 5,000 என்று அலறியது. அது அந்த வாயுவை அளக்கவே இல்லை, வேறு வாசனைகளை வைத்து ஊகம் சொல்கிறது. வாங்குவதாக இருந்தால் என்டிஐஆர் சென்சார் என்று போட்டிருக்கிறதா பாருங்கள், அகச்சிவப்பு ஒளியை வைத்து உண்மையாக அளப்பது அதுதான். விலை மூன்று நான்கு மடங்கு. இரண்டாவது அப்படி வாங்கியது. முதல் ராத்திரி, பத்து மணிக்குக் கதவைச் சாத்தும்போது 780 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 780 பங்கு. பன்னிரண்டரைக்கு விழித்துப் பார்த்தபோது 2,100. காலை ஆறு மணிக்கு 3,150. வெளியே பால்கனியில் வைத்தால் 430.

கணக்குப் போட்டால் ஆச்சரியமே இல்லை. தூங்கும் பெரியவர் ஒருவர் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் கார்பன் டை ஆக்ஸைடை வெளியே விடுகிறார். பன்னிரண்டுக்குப் பதினொன்று அறை, பத்தடி உயரம், அதாவது 37 கன மீட்டர், அதற்குள் மூன்று பேர். கொஞ்சமும் கசியாத அறையாக இருந்தால் மணிக்கு 800 பிபிஎம்முக்கு மேல் ஏறும். பழைய தேக்கு ஜன்னலின் இடுக்கும் அந்த வென்டிலேட்டரும் முப்பது வருடமாக இந்தக் கணக்கைச் சத்தமில்லாமல் தீர்த்துக்கொண்டிருந்தன.

3,000 என்றதும் விஷம் என்று பயந்துவிட வேண்டாம், அமெரிக்காவில் வேலையிடங்களுக்கு எட்டு மணி நேரச் சராசரியாக 5,000 வரை அனுமதி இருக்கிறது. அந்த எண்ணைப் பார்ப்பது வேறு காரணத்துக்காக. 1858-இல் மியூனிக்கில் பெட்டன்கோஃபர் என்ற மருத்துவ விஞ்ஞானி, அறைக் காற்று கெட்டதை அளக்க இந்த வாயுவையே அடையாளமாக வைத்துக்கொள்ளலாம், ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்றார். இன்றும் எல்லாரும் சொல்லும் 1,000 பிபிஎம் அதுதான். மூச்சுக் காற்று வெளியேறவில்லை என்றால் வியர்வை ஈரம், புது வார்ட்ரோபின் ப்ளைவுட் பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு, தாளிப்புப் புகை எதுவும் வெளியேறவில்லை என்றுதான் பொருள். தூக்கத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் மாணவர் விடுதி அறைகளில் செய்து 2016-இல் வெளியிட்ட சோதனையில், காற்று மாறிய அறைகளில் தூங்கியவர்கள் நன்றாகத் தூங்கினார்கள், மறுநாள் யோசித்துச் செய்யும் வேலையையும் மேலாகச் செய்தார்கள். மூடிக் கிடந்த அறைகளில் இருந்த அளவு 2,500-ஐ ஒட்டியது. எங்கள் வீட்டை விடத் தேவலை.

இந்தத் தப்பை நான் முதலில் செய்யவில்லை என்பது ஒரு சின்ன ஆறுதல். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு குளிர் நாடுகள் எல்லாம் கட்டடங்களை இறுக்கி அடைத்தன. அமெரிக்காவில் ஓர் ஆளுக்கு நிமிடத்துக்கு 5 கன அடி வெளிக்காற்று போதும் என்று தரத்தையே இறக்கினார்கள். உள்ளே வேலை செய்தவர்களுக்குத் தலைவலி, கண் எரிச்சல், தொண்டை வறட்சி. 1989-இல் அதை 15-ஆக உயர்த்தினார்கள். ஆனால் அதே எழுபதுகளில் சரியாகச் செய்தவர்களும் உண்டு. 1977-இல் கனடாவின் ரெஜைனாவில் கட்டிய சஸ்காட்செவான் கன்சர்வேஷன் ஹவுஸ், காற்றுப் புகாமல் இறுக்கியதோடு நிற்காமல், வெளியே போகும் கெட்ட காற்றின் சூட்டை உள்ளே வரும் புதுக் காற்றுக்கு மாற்றிக் கொடுக்கும் பெட்டி ஒன்றையும் வைத்தது. 1991-இல் ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட்டில் வந்த முதல் பாசிவ் ஹவுஸிலும், அதாவது சூடாக்க மிகக் கொஞ்சம் எரிசக்தியே தேவைப்படும் வீட்டிலும், அப்படியே. இறுக்கினால் மூச்சுக்கு வழி தனியாக வை என்பதை அவர்கள் ஒரே வேலையாகப் பார்த்தார்கள். நாம் அந்த வேலையின் முதல் பாதியை மட்டும் கடையில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

அக்கா கனடாவின் ஸ்கார்பரோவில் இருக்கிறாள். அவள் வீட்டு பேஸ்மென்ட்டில் அந்தப் பெட்டி இருக்கிறது, சத்தம் போடுகிறது, கரண்ட் தின்கிறது என்று இரண்டு வருடமாக அணைத்தே வைத்திருந்தாளாம். ஜனவரியில் ஜன்னல் கண்ணாடியிலிருந்து தண்ணீர் ஒழுகி மரச்சட்டம் கறுத்துப்போனதாக அவள் சொன்னபோது எனக்கு என் வார்ட்ரோப் ஞாபகம் வந்தது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அங்கே உள்ளே உண்டாகும் ஈரம் குளிர்ந்த வெளிச்சுவரில், கண்ணாடியில் போய்ப் படிகிறது, வெளிக்காற்று வறண்டது, அதை உள்ளே விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். சென்னையில் தலைகீழ். ஈரம் வெளியிலிருந்து வருகிறது, நாம் குளிர வைத்த சுவரில் படிகிறது. ஐப்பசி கார்த்திகையில் ஜன்னலை விரியத் திறந்து வைத்தாலும் வீடு உலராது.

இன்வெர்ட்டர் ஏசி இதில் ஒரு விளையாட்டு விளையாடுகிறது. கூரையைக் குளிர்த்தியாகிவிட்டது, ஜன்னலை இறுக்கியாகிவிட்டது, அதனால் அதற்கு வேலை குறைவு. கம்ப்ரஸரை மெதுவாக்கிக்கொண்டு, அறைக் காற்று உரசிக் குளிரும் காயிலை லேசாக மட்டும் குளிர வைக்கிறது. மின்சாரம் மிச்சம். ஆனால் காயில் நன்றாகக் குளிர்ந்தால்தான் காற்றிலுள்ள ஈரம் அதில் வடிந்து குழாய் வழியாகப் போகும். எனவே மழைக்காலத்தில் அறை 26 காட்டும், ஈரப்பதம் 75, 80 என்று நிற்கும், படுக்கை விரிப்பு பிசுபிசுக்கும். சுவர்ப் பரப்பில் எண்பதுக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். எல்லாரும் இந்த நேரத்தில் 22-க்கு இறக்குவார்கள், நாங்களும் இறக்கினோம், அது சுவரை இன்னும் குளிரவைத்து நிலைமையை மோசமாக்கியது. ரிமோட்டில் யாரும் அழுத்தாத அந்த ட்ரை மோட் பொத்தான் ஈரத்தை எடுக்கத்தான் இருக்கிறது.

சமையலறையில் வேறொரு கூத்து. சிம்னியை வேகமாக வைத்தால் பாத்ரூமில் சாக்கடை நாற்றம் வந்தது. பிளம்பர் இரண்டு தடவை வந்து ஆசிட் ஊற்றிவிட்டுப் போனார். உண்மையில் சிம்னி மணிக்கு ஆயிரம் கன மீட்டர் காற்றை வெளியே தள்ளப் பார்க்கிறது, அத்தனை காற்று உள்ளே வர வேண்டுமே, ஜன்னலெல்லாம் ரப்பர் போட்டு மூடியாகிவிட்டது, அதனால் நாற்றத்தைத் தடுக்கத் தண்ணீர் தேங்கி நிற்கும் பாத்ரூம் தரை டிராப்பில் வற்றிக் கிடந்த தண்ணீரைத் தாண்டி சாக்கடைக் குழாயிலிருந்தே இழுத்துவிட்டது. இப்போது சிம்னி போட்டால் பால்கனிக் கதவை ஒரு ஜாண் திறக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். டக்ட் இல்லாத சிம்னி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, எண்ணெயை ஓரளவு வடிகட்டிவிட்டு மிச்சத்தை முகத்திலேயே திருப்பி விடும்.

கொசுவத்தியையும் நிறுத்தினோம். ஒரு கொசுவத்திச் சுருள் முழுதாக எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரிந்ததற்குச் சமம் என்று 2003-இல் ஓர் ஆய்வு வந்தது. ஓட்டு வீட்டுத் திண்ணையில் கொளுத்தியது வேறு, ரப்பர் போட்ட ஹாலில் கொளுத்துவது வேறு. சாம்பிராணியை நிறுத்தச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை, ஜன்னலைத் திறந்துவிட்டுப் போடு என்பதோடு சரி.

"ஏர் ப்யூரிஃபையர் வாங்கிடலாமே" என்றார் மைத்துனர். அது தூசுக்கு நல்லது, வேளச்சேரி ரோட்டை ஒட்டி இருப்பவர்களுக்குத் தேவைகூட இருக்கலாம். 2021-இல் உலக சுகாதார நிறுவனம் பிஎம் 2.5 என்ற நுண்தூசுக்கு ஆண்டுச் சராசரியாகக் கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்று வைத்தது, நம் நாட்டு வரம்பே 40. ஆனால் கார்பன் டை ஆக்ஸைடை அந்தப் பெட்டி தொடாது. தூசு இல்லாத பழைய மூச்சைத்தான் திரும்ப இழுத்துக்கொண்டிருப்போம்.

எனக்கு உண்மையிலேயே சுருக்கென்றது வேறொன்று. வீடுகளுக்கான மின்சாரச் சிக்கன விதி ஒன்றை மத்திய அரசு 2018 டிசம்பரில் வெளியிட்டது, ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்று பெயர். கூரை இவ்வளவுக்கு மேல் சூட்டைக் கடத்தக் கூடாது, சுவர் இவ்வளவு என்றெல்லாம் சொல்லும் அதே விதி, சென்னை மாதிரி வெக்கையும் ஈரமும் உள்ள ஊர்களில் வீட்டுத் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது திறக்கக்கூடிய ஜன்னல், வென்டிலேட்டர், கதவாக இருக்க வேண்டும் என்கிறது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கச் சொல்லும் விதியே அப்படிக் கேட்கிறது, ஏனென்றால் காற்று நன்றாக வந்தால் வருடத்தில் பல நாள் ஏசியே வேண்டாம். எங்கள் படுக்கையறைக்கு அந்தக் கணக்கில் 22 சதுர அடி வர வேண்டும். பழைய ஜன்னல் இருபது சதுர அடி, இரண்டு கதவும் விரியத் திறக்கும், மேலே வென்டிலேட்டர் இரண்டு சதுர அடி. சரியாக 22! இப்போது ஸ்லைடிங் ஜன்னலில் ஒரு பாதிதான் திறக்கும், பத்து. 1996-இல் இதைக் கட்டியவர் யாரென்று தெரியாது, கணக்குத் தெரிந்தவர்.

சரி, என்ன செய்தோம். ஏப்ரல் கடைசியில் அதே கொத்தனார் அண்ணனைக் கூப்பிட்டேன். படுக்கையறை வென்டிலேட்டரைத் திரும்ப உடைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் உடைக்க, ப்ளைவுட் தட்டு பொருத்த, நான்கு அங்குல பைப் வைக்க என்று ஆயிரத்து எண்ணூறு வாங்கினார். பைப்பின் வெளி முனை மழை இறங்காமல் கீழ்நோக்கி வளைந்திருக்கிறது, கொசு வலை உண்டு, உள்ளே ரெகுலேட்டர் வைத்த ஒரு சின்ன ஃபேன், அதற்கு முன்னால் காருக்குப் போடும் ஏசி ஃபில்டர். காற்றை வெளியே உறிஞ்சாமல் உள்ளே தள்ளும்படி வைத்தேன். வெளியே உறிஞ்சினால் ஈரக்காற்று எந்த இடுக்கிலிருந்து வருகிறது என்று நம் கையில் இல்லை, உள்ளே தள்ளினால் வருவது ஃபில்டர் வழியாகத்தான் வரும், கெட்டது கதவுக்குக் கீழே உள்ள இடைவெளியில் தானே போய்விடும். மணிக்கு ஐம்பது கன மீட்டர் அளவுக்குத்தான் தள்ளுகிறது. காலை ஆறு மணிக்கு மீட்டரில் 1,060.

குளிர்ந்த அறைக்குள் சென்னையின் ஈரக்காற்றை விடுவது கொள்ளைச் செலவு என்று பயந்துதான் நான் அன்று வென்டிலேட்டரை அடைத்தது. இந்த அளவுக் காற்றைக் குளிர வைத்து ஈரத்தையும் எடுக்க ஏசிக்கு ஏறத்தாழ 400 வாட் கூடுதல் வேலை, இந்த ஏசி அதை நூறு வாட் மின்சாரத்தில் செய்யும். எட்டு மணி நேரத்துக்கு ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. இந்த வருடம் மே, ஜூன் இரண்டு மாதத்துக்கும் சேர்த்து 482 வந்தது. ஐந்நூறுக்கு உள்ளேதான்! மிச்சம் பிடித்த 440 யூனிட்டில் ஐம்பதைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன், இவ்வளவுக்காகவா ஒரு வருடம் பழைய மூச்சை இழுத்துக்கொண்டு கிடந்தோம் என்று இருந்தது.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. மகள் இப்போதும் ஒரே குரலில் எழுவதில்லை, ஆனால் இரண்டு குரலில் எழுகிறாள். ஃபேன் 'ங்ங்' என்று சத்தம் போடுகிறது என்று மனைவிக்குக் குறை. ஐப்பசி இனிமேல்தான் வர வேண்டும், வார்ட்ரோபைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போட்டிருக்கிறோம், ட்ரை மோட் பொத்தானில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியாகிவிட்டது. அம்மா அறை இன்னும் பாக்கி. அவள் அதுவரை காத்திருக்கவில்லை, பாயை எடுத்துக்கொண்டு ஹாலில் பால்கனிக் கதவைத் திறந்து வைத்துக் கொசு வலைக்குள் படுத்துக்கொள்கிறாள். தீபாவளி கழித்து வருகிறேன் என்று கொத்தனார் அண்ணன் சொல்லியிருக்கிறார்.